மாமியாருக்கு ஒரு ரோஸ்ட்டு

எண்ணெய் தேய்த்து முழுகிய கூந்தலை நுனியில் முடிந்து, முகத்தில் பாதியைத் துணியால் மறைத்து, கையில் நீண்ட கத்தியோடு நின்றாள் சூடாமணி.

"குத்தும்மா. அதுக்கு இன்னா வலிக்கவா போவுது?" என்றாள் ஷகீலா.

"கத்திரிக்காயைத் தவிர நான் எதையும் குத்தினதில்லையே."

"கத்திரிக்கான்னு நெனச்சிக்கினே குத்து."

கண்ணை மூடிக்கொண்டு குத்தினாள். ஆட்டுத்தொடையில் விழுந்த துளையில் பூண்டையும் கிராம்பையும் திணித்தாள் ஷகீலா. மந்தைவெளியில் அடுத்த வீட்டுக்காரி. அவள் கணவன் வலியுல்லா அடையாற்றில் ஒரு துரை பங்களாவின் சமையல்காரன்.

சாதி, மதம் என்னும் இரு மதில்களையும் ஒரே மாலையால் தாண்டியவள் சூடாமணி. மயிலாப்பூர் மாடவீதிப் பெண், சாந்தோம் அகஸ்டினைக் கைப்பிடித்து ஆறு திங்கள் ஆகிவிட்டன. அவன் தாய் ஆலிஸ் இதுவரை இவ்வீட்டுப் படி ஏறியதில்லை. நேற்றுத்தான் சீட்டு வந்தது: 'நாளைப் பகல் சாப்பிட வருகிறேன். சுத்தபோசனம் போதும்.'

"பாத்தியா, சுத்தபோசனமாம், கறியில்லாத சாப்பாடாம். எனக்குக் கறி பண்ணத் தெரியாதுன்னு குத்திக் காட்டறார். இன்னிக்கு இதைச் சாப்பிட்டாத்தான் நான் அவராத்து மாட்டுப்பொண்ணு."

"அவங்க உன்னக் குத்தினா நீ ஆட்டக் குத்து. வேலை முடிஞ்சிது."

வேலைக்குப் போயிருந்த அகஸ்டினுக்கும் இந்தப் புரட்சி தெரியாது.

கனத்த இரும்புச் சட்டியில் நெய் புகைந்தது. தொடையை நாற்புறமும் சிவக்கப் புரட்டி, ஒரே ஒரு கரண்டித் தண்ணீர் விட்டு, இரும்பு மூடியை இட்டு, அதன்மேலும் அடுப்புக் கங்குகளைக் குவித்தார்கள்.

"மூணு மணி நேரம் மூடில கை வெக்காத. வெச்சே, கறி செருப்பாயிடும்."

மூடிய சட்டியைச் சுற்றிச் சுற்றி வந்தாள் சூடாமணி. மணம் கிளம்பிற்று, முற்றத்தை நிறைத்தது, தெருவையும் எட்டிப் பார்த்தது.

"மூக்குத் துணி எங்கம்மா?" என்றாள் ஷகீலா.

"எந்தத் துணி?"

இருவரும் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

நண்பகலில் ஆலிஸ் வந்தாள். கஞ்சி போட்ட வெள்ளைப் புடவை, கையில் குடை. தட்டின் முன் அமர்ந்தாள். சூடாமணி மூடியைத் திறந்தாள். கரண்டி பட்டதும் இறைச்சி எலும்பை விட்டு நழுவியது.

ஆலிஸ் தட்டை மெல்ல ஒதுக்கினாள். "எனக்கு வேணாம்மா."

கரண்டி அந்தரத்தில் நின்றது.

"நான் தொட்டதாலேயா?" என்றாள் சூடாமணி.

ஆலிஸ் மருமகளைப் பார்த்தாள், சட்டியைப் பார்த்தாள். தோள்கள் குலுங்கின. சிரிப்பு பீறிட்டது.

"வெள்ளிக்கிழமையில நாங்க கறி தொட மாட்டோம்மா," என்று அவள் கையைப் பிடித்தாள். "உனக்குக் கஷ்டம் இல்லாம, உன் கையால வத்தக்குழம்பு சாப்பிடலாம்னுதானே இந்த நாளாப் பாத்து வந்தேன்."