மனிசன் ஓட்டுற டாக்சி

டென்மார்க்கில், ஹ்விடோவ்ரே ஸ்டேஷன் வாசலில், கொட்டுகிற மழையில் குடையும் கையுமாகத் தவமணி நிற்பதைக் கண்டதும் ஞானரட்ணம் தன் டாக்சியை ஓரங்கட்டினார். இருவரும் ஒரே கட்டடத்தில் குடியிருப்பவர்கள்.

"ஏறும் தங்கச்சி. எங்கை போகவேணும்?"

"வேண்டாம் அண்ணை. டாக்சிக்குச் சொல்லிட்டன். வருது."

"நான் இருக்கேக்கை இன்னொருத்தனோ? ஆர் அவன்?"

"ஆரும் இல்லை அண்ணை. தானாய் ஓடுறது."

ஞானரட்ணத்துக்குச் சுள்ளென்று ஏறியது. ஆளில்லாத அந்த வெள்ளைக் கார்களைச் சோதனைக்கு ஓடவிட்ட நாளிலிருந்து அவருக்கு நித்திரை இல்லை. அன்னதானப் பந்தியிலும் கலியாண மண்டபத்திலும் அவர் செய்த பிரசாரத்தைத் தேர்தலில் செய்திருந்தால் இன்றைக்கு நகரசபையில் இருந்திருப்பார்.

கதவைத் திறந்து மழைக்குள்ளேயே இறங்கினார்.

"உமக்கென்ன விசரே? வழியிலை தலை சுத்தி விழுந்தால் அந்த மெசின் ஒரு மிடறு தண்ணி தருமே? மனிசன் எண்டால் ஒரு வார்த்தை சுகம் கேப்பான்."

"ஓம். கேப்பியள்."

"அதுமட்டுமே! உள்ளுக்கை முழுக்கக் கமரா. நீர் எங்கை போறீர், எங்கை இறங்கிறீர், எல்லாத்தையும் எவனோ ஒருத்தன் பாத்துக்கொண்டிருப்பான். மானம் மரியாதை உள்ள பொம்பிளை ஏறுற வாகனமே அது?"

தவமணி சிரிக்கவில்லை.

"மாசி மாதம் உங்கடை டாக்சியிலைதான் ஆஸ்பத்திரிக்குப் போனன். ஒரு கட்டி எண்டு சொன்னன். ஆரிட்டையும் சொல்லாதேங்கோ எண்டும் சொன்னன். அங்கை சோதிச்சுப்போட்டு ஒண்டுமில்லை எண்டு அனுப்பிவிட்டினம்."

"நல்லதுதானே!"

"நான் வீட்டை வர முதலே கோயிலிலை என்ரை பேருக்கு அர்ச்சனை நடந்திட்டுது. பின்னேரம் ஓகூஸிலை இருந்து மாப்பிள்ளை வீட்டுக் கோல். என்ரை கஜந்திக்குப் பேசின கலியாணம் வேண்டாமாம். தாய்க்குப் புற்றுநோயாம், பிள்ளைக்கும் வருமாம்."

கஜந்தியின் கலியாணம் குழம்பிய கதையை ஊர் முழுக்கச் சொன்னவரே ஞானரட்ணம்தான். ஏன் குழம்பியது என்பது மட்டும் அவருக்கு இன்றைக்குத்தான் தெரிந்தது.

தொண்டையைச் செருமினார். "நாலு பேர் கும்பிட்டால் நல்லதெண்டுதான்..."

வெள்ளைக் கார் சத்தமில்லாமல் வந்து நின்றது. தவமணி குடையை மடக்கிக்கொண்டு ஏறினாள்.

"இது சுகமும் கேக்காது, கும்பிடவும் மாட்டுது அண்ணை. போட்டு வாறன்."

ஞானரட்ணம் நனைந்த சட்டையோடு தன் டாக்சிக்குள் வந்து உட்கார்ந்தார். முகம் செத்துப்போயிருந்தது. ஸ்டியரிங்கைப் பிடித்தபடி கனநேரம் யோசித்தார்.

பிறகு மனைவிக்குப் போன் எடுத்தார்.

"இஞ்சேரப்பா, தவமணி என்ரை டாக்சியிலை ஏறமாட்டனெண்டு போகுது. இந்தமுறை ஏதோ பெரிய நோய்தான். நீ ஆரிட்டையும் சொல்லிப்போடாதை."