சித்ராவின் நிறம்

செயற்கைத் தோலை அச்சடிக்கும் இயந்திரத்தில் நிறக்கலவையை ஊற்றப் போன ஃபர்சானாவை, ஆய்வக வாசலில் வந்து நின்ற பெரியவர் தடுத்தார்.

"சித்ராவுக்குத்தானே? இந்த நிறம் வேணாம்மா. இன்னும் கருப்பாக் கலக்குங்க."

தீக்காயத்தால் சித்ராவின் முகம், கை, கால் முழுக்கக் கட்டுப் போட்டிருந்தது. அவளுடைய கல்யாணப் போட்டோவோடு மூன்று முறை ஒப்பிட்டுத்தான் ஃபர்சானா கலந்திருந்தாள். இருந்தாலும் இப்போது சந்தேகம் வந்துவிட்டது.

"வீட்டுல இந்தப் போட்டோவைத்தான் குடுத்தாக ஐயா. எல்லாரும் சிவப்பாத்தான் கேப்பாக. நீங்க கருப்பாக்கச் சொல்றீக?"

"ஒட்டிட்டா ஆயுசுக்கும் அதே முகம்தான். பிள்ளை கண்ணாடியில வேற யாரையோ பாக்கணுமா? நீங்க மாத்துற வரைக்கும் நான் இங்குட்டுத்தான் உக்காந்திருப்பேன்."

"பெத்தவுகளே குடுத்த போட்டோ. அதைப் பொய்யின்னு சொல்ல நீங்க யாரு, தாய்மாமாவா?"

அவர் பையிலிருந்து இன்னொரு போட்டோவை எடுத்து மேஜையில் வைத்தார். அதே பெண், அதே மாலை, நல்ல கருப்பு.

"செக்காலையில போட்டோ ஸ்டுடியோ வச்சிருக்கேன்மா. அவுக அப்பா நேத்து இன்னொரு பிரிண்ட் கேட்டு வந்தப்பத்தேன், அந்தப் போட்டோவை இங்க குடுத்த விஷயம் தெரிஞ்சுச்சு. அதுல பிள்ளைய வெளுப்பாக்குனது நான்தேன்."