ஒரு சொட்டுச் சிவப்பு

காலை ஒன்பது பத்துக்குக் குழந்தைகள் டாக்டர் ஒரு காகிதத்தில் இரண்டு வட்டம் போட்டார். ஒன்று அவன், ஒன்று அவன் மனைவி. இரண்டுக்குள்ளும் ஒரு சிவப்புப் புள்ளி வைத்தார்.

அவனுக்குச் சட்டென்று பிடிபட்டது. பெயிண்ட் கடையில் கலர் கலக்குகிறவன். கறுப்பும் பழுப்பும் எத்தனை நேரம் கலக்கினாலும் செங்கல் நிறம் வராது.

அவன் தலை கறுப்பு. வெள்ளைக்காரியான மனைவியின் தலை பழுப்பு. டாக்டரின் பேனாவைப் பிடுங்கப் பார்த்த பத்து மாதப் பெண்ணின் தலை அசல் செங்கல்.

சிவப்பு முடிக்கு அம்மாவிடமிருந்து ஒரு சொட்டு, அப்பாவிடமிருந்து ஒரு சொட்டு வேண்டுமாம். ஒற்றைச் சொட்டாக இருந்தால் வெளியே தெரியாது. பரம்பரையாக உள்ளேயே பதுங்கி வரும். போன வாரம் எடுத்த ரத்தத்தில் இரண்டு பேரிடமும் அது இருந்தது.

டாக்டரின் அறையிலிருந்து இருவரும் வெளியே வந்ததும் மனைவி காகிதத்தை மடித்து அவன் சட்டைப் பையில் திணித்தாள். இப்போதே, இங்கேயே உன் அப்பாவுக்குப் போன் போடு என்றாள்.

பத்து மாதமாக அவன் அப்பா பேத்தியைப் பார்க்க வரவில்லை. பிறந்ததும் அனுப்பிய போட்டோவில் பக்கத்து வீட்டு பிளம்பரும் செம்பட்டைத் தலையோடு சிரித்துக்கொண்டு நின்றது வினையாகிவிட்டது. மருமகள் பேச்சு வந்தால் தொண்டையைக் கனைப்பார்.

அம்மா அப்படியில்லை. முதல் நாளிலிருந்து மருமகள் கட்சி. முடியை யாராவது ஆராய்வார்களா என்று அப்பா மேல் எரிந்து விழுந்தவள். எண்ணெய் தேய்த்தால் கறுத்துவிடும் என்று மாதம் தவறாமல் பாட்டில் அனுப்பினாள்.

அவனுக்கும் இரண்டு நாள் தூக்கம் போனதுண்டு. அதை யாரிடமும் சொல்லவில்லை.

இரண்டு பக்கமும் ஸ்பீக்கரில் போட்டு, அப்பா அம்மா இருவருக்கும் வட்டங்களை விளக்கினான். உன்னைப் பெற்றவர்களில் ஒருவரிடமிருந்துதான் உனக்கு வந்திருக்கும் என்று டாக்டர் சொன்னதையும் சொன்னான்.

"நம்ம வம்சத்துல ஏழு தலைமுறையா எல்லாம் கரிக்கட்டைடா. போட்டோ இருக்கு" என்றார் அப்பா.

அந்த போட்டோவை அவனும் பார்த்திருக்கிறான். கறுப்பு வெள்ளை. அதில் செவலை நாய்கூடக் கறுப்புதான்.

பழி அம்மா வீட்டின் மேல் விழுந்ததும் அப்பாவுக்கு உற்சாகம் பிறந்துவிட்டது. மச்சான்கள் நான்கு பேரும் இருபத்தைந்து வயதிலேயே வழுக்கை, முளைத்தபோது என்ன நிறமோ யார் கண்டது என்றார். பிறகு குரல் இளகியது.

"அம்மாடி, என் புத்தியச் செருப்பால அடிக்கணும். பேத்தியக் கூட்டிக்கிட்டு வாம்மா."

மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டு, வருகிறோம் மாமா என்றாள். குழந்தை போனை நக்கியது.

விஷயத்தை இப்போதே கீழ்வீட்டுக்காரரிடம் சொல்ல வேண்டும் என்று அப்பா கிளம்பினார். செருப்புச் சத்தம். கதவு சாத்தும் சத்தம்.

அதுவரை வாயே திறக்காத அம்மா போனை எடுத்தாள். குரல் வழக்கத்தைவிடத் தணிந்திருந்தது.

"ஏண்டா, உன் ரத்தத்துல அந்த டாக்டர் வேற என்னெல்லாம் பார்த்தாரு?"