இக்னாசியோ ஆடும் இடம்

நாமக்கல் மைதானத்தில் சாயங்கால வெயில் மஞ்சளாகச் சாய்ந்து கிடக்கிறது. சென்னை கால்பந்து கிளப்பின் காட்சி ஆட்டம். சொந்த ஊர்ப் பக்கம் நடக்கும் ஆட்டத்தில் மோகன்குமார் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறான். போன வருடம் வரை அவன் ஆடிய நடுக்களத்தில் இப்போது ஸ்பெயின்காரன் இக்னாசியோ நிற்கிறான். தன் நாட்டில் பெரிய மைதானங்களில் ஆடி முடித்துவிட்டு, ஓய்வு பெறுகிற வயதில் இங்கே வந்தவன். அவன் ஓடுவதே இல்லை, நடக்கிறான். பந்துதான் அவனைத் தேடி வருகிறது. தலையைத் திருப்பாமலே தட்டிவிடுகிறான். அது போய்ச் சேரும் இடத்தில் சரியாக ஒருவன் நிற்கிறான். மோகன்குமார் ஷூ லேஸை அவிழ்த்து மறுபடியும் இறுக்குகிறான். ஜேடர்பாளையத்திலிருந்து மகனின் ஆட்டத்தைப் பார்க்க வந்த கண்ணாத்தாள், பின்னால் கம்பிவேலியைப் பிடித்துக்கொண்டு கேட்கிறாள். “ஏஞ்சாமி, அந்த வெள்ளைக்காரத் தம்பி சொன்னா மட்டும் பந்து பேச்சுக் கேக்குதே, அதெப்படி?” “அவனுக்கு வயசாயிருச்சும்மா.” “வயசானா என்ன? கண்ணு எடுக்க முடியலையே.” விழு, என்று மோகன்குமார் மனதுக்குள் சொல்கிறான். சற்று நேரத்தில் இக்னாசியோ முழங்காலைப் பிடித்துக்கொண்டு புழுதியில் உட்கார்ந்துவிடுகிறான். பயிற்சியாளர் மோகன்குமாரைப் பார்த்துக் கைகாட்டுகிறார். எழும்போதே அவன் உடம்பெல்லாம் சந்தோஷம் பரவுகிறது. கோட்டருகே இக்னாசியோ கையை நீட்டுகிறான். அதைப் பட்டும் படாமலும் தொட்டுவிட்டு மோகன்குமார் உள்ளே ஓடுகிறான். “பாத்து, சாமி! மெதுவா!” அம்மாவின் குரல் கேட்கிறது. சிரித்தபடி கையைத் தூக்கிக்கொண்டு திரும்புகிறான். கண்ணாத்தாள் நொண்டிக்கொண்டு வருகிறவனையே பார்த்துக்கொண்டு நிற்கிறாள்.