பச்சை இறகும் அந்துப்புழுவும்

ஒரு கிளிக்கூண்டின் அடியில் பச்சை இறகு ஒன்று உதிர்ந்து கிடந்தது. எறும்புகள் கடித்துப் பார்த்துவிட்டு, இது செரிக்காது என்று போய்விட்டன. அப்புறம் பசியோடு ஓர் அந்துப்புழு வந்தது.

"உன்னாலாவது என்னைத் தின்ன முடியுமா?" என்று இறகு கேட்டது.

"முடியும். முடியோ கம்பளியோ, எதுவானாலும் என் வயிறு கரைத்துவிடும். உனக்குப் பயமாயில்லையா?"

"ஏக்கம்தான். பறக்கவென்றே முளைத்தேன். ஆனால் கூண்டுக்குள் எங்கே பறப்பது? ஜன்னலுக்கு வெளியே நிற்கிற அந்தப் பூவரச மரம் வரைக்குமாவது போயிருக்கலாம்."

புழுவுக்குத் தின்ன மனம் வரவில்லை. இறகுதான், "பரவாயில்லை, சாப்பிடு" என்றது. கொஞ்சம் கொஞ்சமாகத் தின்று முடித்த புழு, கூடு கட்டிக்கொண்டு தூங்கிப்போனது.

விழித்து வெளியே வந்தபோது அதற்குச் சிறகு முளைத்திருந்தது. அந்துப்பூச்சிகளுக்கு வெளிச்சம் ஆகாது. பீரோவின் இருட்டிலிருந்து மற்ற பூச்சிகள், "சீக்கிரம் உள்ளே வா!" என்று கூப்பிட்டன. அதற்கும் ஓடி ஒளியத்தான் தோன்றியது. ஆனாலும் ஜன்னல் பக்கம் திரும்பியது.

வெயிலில் கண் கூசியது. தட்டுத்தடுமாறிப் பறந்து, பூவரசின் தாழ்ந்த கிளையொன்றில் போய் உட்கார்ந்தது.

"வந்துவிட்டோம்," என்றது, பக்கத்தில் யாருமே இல்லாத அந்தக் கிளையில்.