தலையில் ஒரு காகிதப் பை

“ஒரே ஒரு தடவ என்கூட மேட்சுக்கு வாயேன், லூ.”

“அந்தக் குளிர்லயா? ஆளை விடு, டுவைட்.”

கல்யாணமான புதிதில் நடந்த பேச்சு அது. அதன்பிறகு டுவைட் அவளைக் கூப்பிடவே இல்லை. இத்தனை வருடம் கழித்து இன்று லூயன் அதே மைதானத்தில், மளிகைக் கடைக் காகிதப் பையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு, கண்ணுக்காக வெட்டிய இரண்டு ஓட்டைகள் வழியே புருஷனை வேவு பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவளை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. லேக்போர்ட் ஹெரன்ஸ் அணி இந்த சீசனில் ஒரு ஆட்டம்கூட ஜெயிக்கவில்லை. கடைசி ஆட்டத்துக்கு வந்திருந்த கொஞ்சநஞ்ச ரசிகர்களில் பாதிப்பேர் வெட்கக்கேடு தாங்காமல் தலையில் பையோடுதான் உட்கார்ந்திருந்தார்கள்.

“யோவ் நடுவரே! ஆட்டத்தை இப்பவே முடிச்சு விடுய்யா, வீட்ல சூப் ஆறுது!” என்று பின்னாலிருந்து ஒரு பை கத்தியது.

லூயன் சிரிக்கவில்லை. நாலு வரிசை கீழே, பச்சை ஜாக்கெட்டில் ஒரு ஆள். இடது முழங்கையில் அவளே தைத்துக் கொடுத்த ஒட்டு. சந்தேகமே இல்லை, டுவைட்டின் ஜாக்கெட். அவன் தலையிலும் பை. பக்கத்தில் இன்னொரு பை. அதன் கீழே சிவப்பு ஸ்கார்ஃப், தோளில் புரளும் பெண்ணின் முடி.

நினைத்தது சரியாகப் போயிற்று. தோற்றே தீருவேன் என்று ஆடும் அணியைப் பார்க்கப் போகிறவன் எதற்கு முகம் மழித்து, சென்ட் போட்டுக்கொண்டு கிளம்ப வேண்டும்? சூடான சாக்லேட்டில் பட்டைத்தூள் போட்டு ஃபிளாஸ்கில் நிரப்பி, எதற்கு இரண்டு கப் எடுத்துப் போக வேண்டும்?

“ரெண்டாவது கப் யாருக்கு?” என்று போன வாரம் கேட்டாள்.

“சும்மா, இருக்கட்டுமே” என்றான் டுவைட், முகத்தைத் திருப்பிக்கொண்டு.

அன்றே ஒரு டிக்கெட் வாங்கிக் கோட்டுப் பையில் ஒளித்து வைத்தாள். ‘அக்கா வீட்டுக்குப் போறேன்’ என்று சொல்லிவிட்டு இன்று கிளம்பி வந்துவிட்டாள்.

கீழே அந்த ஜாக்கெட் கை நீண்டு, சிவப்பு ஸ்கார்ஃபின் தோளை அணைத்துக்கொண்டது. ஒரே போர்வைக்குள் இரண்டு பேரும் ஒடுங்கினார்கள். லூயனுக்கு அந்தக் குளிரிலும் உடம்பு எரிந்தது.

“பாருங்க, அந்தப் பச்சை ஜாக்கெட்!” என்றாள் பக்கத்து இருக்கைக்காரரிடம். யாரிடமாவது கொட்டித் தீர்க்காவிட்டால் நெஞ்சு வெடித்துவிடும்போல் இருந்தது. “அது என் வீட்டுக்காரர்.”

கரடி மாதிரி ஒரு ரோமக் கோட்டுக்குள் புதைந்திருந்த அந்த மனிதர் தலையிலும் பை. வந்ததிலிருந்து அவர் ஆட்டத்தையே பார்க்கவில்லை. யாரோ வரப்போவதுபோல் படிக்கட்டையே முறைத்துக்கொண்டிருந்தார். இப்போதுதான் அந்தப் பை மெல்ல அவள் பக்கம் திரும்பியது.

“என்னை ஒரே ஒரு தடவ கூப்பிட்டாரு. நான் மாட்டேன்னேன். அதோட விட்டுடறதா? ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் அவரு பூட்ஸ் மாட்டறப்ப நான் வேணும்னே வாசல்ல நிப்பேன். இன்னொரு தடவ கேட்டிருந்தா செருப்பு மாட்டாமகூட ஓடி வந்திருப்பேன். கேக்கவே இல்லை. இப்ப பாருங்க, எவளுக்கோ போர்வை போத்தறாரு!”

அந்தப் பை கோட்டுக்குள்ளிருந்து ஃபிளாஸ்க் எடுத்து, ஒரு கப்பில் ஊற்றி அவளிடம் நீட்டியது.

“ரொம்ப நன்றிங்க” என்று பையின் விளிம்பைத் தூக்கி ஒரு வாய் குடித்தாள். சூடான சாக்லேட், லேசான பட்டை மணத்தோடு தொண்டையில் இறங்கியது. கண் மட்டும் பச்சை ஜாக்கெட்டை விட்டு நகரவில்லை.

மைதானத்தில் ஹெரன்ஸ் ஆள் கையிலிருந்த பந்தை நழுவவிட, எதிரணிக்காரன் அதைப் பொறுக்கிக்கொண்டு கடைசிக் கோடு வரை ஓடினான். விசில் ஒலித்தது. சீசன் முடிந்தது, ஒரு வெற்றிகூட இல்லாமல்.

கீழே சிவப்பு ஸ்கார்ஃப் பச்சை ஜாக்கெட்டின் மேல் சாய்ந்தது.

“இதுக்கு மேல பொறுக்க முடியாது. போய் அந்தப் பையைக் கிழிக்கிறேன் பாருங்க!” லூயன் எழுந்தாள். பக்கத்து ஆள் சட்டென்று அவள் கோட்டைப் பிடித்து இழுத்தார்.

அதற்குள் பச்சை ஜாக்கெட்காரன் தானே பையைக் கழற்றி வானத்தில் வீசினான். பளபளவென்று வழுக்கைத் தலை. டுவைட்டின் சிநேகிதன் கோர்டி! சிவப்பு ஸ்கார்ஃபும் பையை எடுத்தது. கோர்டியின் மனைவி பாம்.

“கோர்டியா?” லூயன் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். “அப்ப என் வீட்டுக்காரர் எங்க?”

“உன் கோட்டுல டிக்கெட்டையும் அதுல இருந்த சீட் நம்பரையும் பார்த்துட்டேன்” என்றது பக்கத்துப் பை. “இத்தனை வருஷமா இந்தப் பக்கமே வராதவ, அக்கா வீடுன்னு பொய் சொல்லிட்டு இங்க எவனைப் பார்க்க வர்றான்னு எனக்கு மட்டும் எரியாதா? அதான் கோர்டிகிட்ட கோட்டை மாத்திக்கிட்டு, உனக்கு முன்னாடியே வந்து பக்கத்து சீட்ல உக்காந்துட்டேன்.”

லூயன் குனிந்து கையிலிருந்த கப்பைப் பார்த்தாள். அவள் வீட்டுச் சமையலறைக் கப்.

“அந்த ரெண்டாவது கப்…?”

“என்னிக்காவது நீ வந்தா குடிக்கட்டும்னுதான் எடுத்துட்டு வருவேன். மறுபடி கேட்டு, மறுபடி மாட்டேன்னு சொல்லிட்டியானா… அந்தப் பயம்.”

பையைக் கழற்றினான். குளிரில் சிவந்த மூக்கு, மழித்த கன்னம், இரண்டு கண்ணிலும் நீர்.

“அடுத்த வருஷமும் இவனுங்க தோக்கத்தான் போறானுங்க. என்கூட வர்றியா, லூ?”