கடைசி விலா எலும்பு

"ஈசாக்கண்ணா, பாத்தியளா? கடைசி விலா எலும்பு இன்னைக்கும் கழண்டு தொங்குது."

அருங்காட்சியகப் பொறுப்பாளர் விமலகுமாரி மேலே கை காட்டினாள். பழைய திமிங்கில எலும்புக்கூட்டைப் பிரித்துக் கழுவி, திரும்பக் கோத்துத் தூக்கியாகிவிட்டது. மிச்சம் அந்த ஒற்றை விலா. எத்தனை முறை மாட்டினாலும் காலையில் பாதுகாப்புக் கம்பியில் ஊசலாடிக்கொண்டிருக்கும்.

"ரோட்டுல டிப்பர் லாறி போவுதில்லியா மேடம், அந்த அதிர்வாக்கும்," என்றார் எலும்புகளைக் கோக்க வந்த ஃபிட்டர் ஈசாக், முகத்தைத் திருப்பிக்கொண்டு.

பச்சைப் பொய். சாயங்காலம் கிளம்பும்போது அந்த விலாவைப் பிடிக்கும் நட்டை இரண்டு சுற்றுத் தளர்த்திவிட்டுப் போவது அவரேதான். பின்னே என்ன செய்வார்? மனைவி போய்ச் சேர்ந்தாயிற்று. மகள் ஷிஜா நியூசிலாந்தில். உதியன்குளங்கரை வீட்டில் இருமினால்கூட ஏனென்று கேட்க நாதியில்லை. இங்கே என்றால் மதியம் திமிங்கிலத்தின் அடியில் உட்கார்ந்து, விமலகுமாரி கொண்டுவரும் மரச்சீனிக் கிழங்கும் மீன்குழம்பும் சாப்பிட்டபடி ஊர்க்கதை பேசலாம். வேலை முடிந்தால் அந்தப் பேச்சும் முடிந்தது.

"அண்ணா, திங்கக்கிழமை திறப்பு விழா. அதுக்குள்ள முடியலேன்னா எனக்கு மெமோ உண்டு."

அன்று மதியம் ஈசாக் கிழங்கைப் பாதியிலேயே தள்ளி வைத்துவிட்டார். தன் வீட்டு வெறுமைக்கு இந்த நல்ல மனுஷியின் உத்தியோகத்தையா பலி கொடுப்பது? மனசு பொறுக்கவில்லை.

சாயங்காலம் ஏணியில் ஏறி, நட்டுக்கு மேல் நட்டுப் போட்டு, உடம்பிலிருந்த வலுவையெல்லாம் கொடுத்து முறுக்கினார்.

"இனி இது எங்கயும் போவாது மேடம். நாளைக்கு வந்து என் சாமானை எடுத்துக்கிடுதேன்."

"சரி அண்ணா" என்றுவிட்டு விமலகுமாரி ஜன்னல்களைச் சாத்தப் போய்விட்டாள். வேலை ஆனதும் ஆள் வேண்டாம் போலிருக்கிறது என்று அவருக்கு வலித்தது. வீட்டுக்குப் போய் விளக்குக்கூடப் போடாமல் உட்கார்ந்து அழுதார்.

மறுநாள் மதியம் ஸ்பேனரையும் சுத்தியலையும் எடுக்க வந்தவர், அண்ணாந்து பார்த்து அப்படியே நின்றுவிட்டார். விலா எலும்பு கம்பியில் தொங்கிக்கொண்டிருந்தது.

கீழே விமலகுமாரி இரண்டு தட்டில் கிழங்கு வைத்துக்கொண்டிருந்தாள்.

"மேடம், சத்தியமாட்டு நான் நேத்து நல்லா முறுக்கினதாக்கும்."

"தெரியும் அண்ணா. உக்காருங்க," அவள் நிமிராமல் குழம்பை ஊற்றினாள். "மத்த நாளெல்லாம் ஒரு திருகுல கழண்டுரும். நேத்தாக்கும் எனக்கு உள்ளங்கைத் தோலு உரிஞ்சு போச்சு."